ஏழு கிலோ இருநூறு

உள்ளங்கையில் அடங்கும் குட்டியாய் வந்த அன்று
கேலிக்குத்தான் வைத்தேன் அந்தப் பெயரை:
டன்.
நான்கு ஆண்டுகளாய்
பெயரை நோக்கியே பிடிவாதமாய் வளர்ந்திருக்கிறது பூனை.

கிளமெண்டியில் விலங்கு மருத்துவர்
தராசில் ஏற்றினார்.
அது அங்கேயே படுத்துக்கொண்டது.
ஏழு கிலோ இருநூறு.
"என்ன விளையாட்டு காட்டுகிறீர்கள்?"
நான் ஜன்னலைச் சொன்னேன்.
பதினொன்றாம் மாடி, கம்பிவலை போட்டாயிற்று,
மைனாக்கள் நன்றாகத் தெரியும்.
"அது பார்ப்பது. நான் கேட்டது ஓடுவது.
காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம்."
நீங்களும்தான் என்று அவர் சொல்லவில்லை;
நான் நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்தார்,
அவ்வளவே.

என் வேலை உட்காருவது.
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
முன்பு கிரேன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு,
இப்போது ஏர்கான் அறை, திரை, ஒரு பிடி.
முப்பது டன் பெட்டி
என் கட்டைவிரல் அசைந்தால் எழும், நகரும், இறங்கும்.
ஒரு கப்பலின் வயிற்றைக் காலி செய்துவிட்டுக்
கைக்கடிகாரத்தைப் பார்த்தால்
நான் நடந்தது எண்ணூற்றுப் பதினான்கு காலடி.

வாங்கி வந்தேன் ஒரு குச்சி,
நுனியில் நூல், நூலில் இறகு.
ஏழு வெள்ளி தொண்ணூறு காசு.
இறகைத் தூக்கினேன், நகர்த்தினேன், இறக்கினேன்,
ஆட்டமில்லாமல், அங்குலம் பிசகாமல்,
பயிற்சியில் கற்றபடி.
டன் பார்த்தது,
தூரத்தில் கப்பல் போவதைப் பார்ப்பதுபோல.
பிறகு பாதத்தை நக்கிக்கொண்டது.

திறந்த கதவுவழி எதிர்வீட்டு சியூ பெங் சிரித்தாள்.
மருத்துவமனையில் தாதி.
"செத்த குருவியை ஊர்வலம் விடுகிறாய், மாதங்கி.
அது தப்பிக்கப் பார்க்க வேண்டாமா?"
பதில் சொல்வதற்குள்
குவே அவளை லிஃப்டுக்கு இழுத்துப் போய்விட்டது.
குவே நாய். கறுப்பு. ஒரு காது மடிந்தது.
துவாஸ் புதர்களில் பிறந்து காப்பகம் வழியாக வந்தது.

அன்றிரவு
இறகைச் சோபாவுக்கு அடியில் கொஞ்சமே காட்டி
ஒளித்தேன்.
நடுங்க விட்டேன். நிறுத்தினேன்.
சரியாகச் செத்துப்போக விட்டேன்.
வேலையில் ஒரு பெட்டியை இப்படி ஆட்டியிருந்தால்
அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.
டன்னின் கண்ணில் பச்சை போய் முழுக்கக் கறுப்பு.
பின்புறம் இடமும் வலமும் அளந்தது.
எழுந்தது ஏழு கிலோ இருநூறு!
ரிமோட், மைலோ கோப்பை, மின்கட்டண ரசீது,
எல்லாம் தரையில்.
கீழ்வீட்டு அஸ்மான் துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டினார்.
மூச்சிரைக்கத் தரையைப் பார்த்துச் சொன்னேன்:
"சாரி."

சியூ பெங்குக்கு இரட்டை ஷிப்ட் என்றால் குவே என் பொறுப்பு.
ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினேன்.
வாய்டு டெக் விளிம்பில் நின்றுவிட்டது, வரவில்லை.
இழுத்தேன். வரவில்லை.
குனிந்து புறங்கையைச் சிமெண்டில் வைத்தேன்,
ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.
நான் செருப்பு போட்டிருந்தேன்.

இப்போது விடியுமுன் போகிறோம்,
பாண்டான் நீர்த்தேக்கக் கரையில்.
வேகமாய் நடத்தினால் போதும் என்றிருந்தேன்;
அதற்கு ஒவ்வொரு கம்பத்தையும் வாசிக்க வேண்டும்,
சிலவற்றை இரண்டு முறை.
ஓட்டக்காரர்கள் எங்களைச் சுற்றிப் போகிறார்கள்.
நான் காத்து நிற்பது
கடிகாரத்தில் ஏறுவதில்லை.

மூன்று மாதம் கழித்து ஆறு கிலோ எழுநூறு.
மருத்துவர் என்னை எடை கேட்கவில்லை.

நேற்று வேலையில்
கடைசிப் பெட்டியை இறக்கும்போது
மற்றொன்றின் பின்னால் அது பாதி மறைந்த கணம்,
என் கட்டைவிரல் தானாகவே
ஒரு சின்ன நடுக்கம் கொடுக்கப் பார்த்தது.
பிடித்துக்கொண்டேன்.